எதிரி எங்கே?

நம் சங்கத்தின் கண்காட்சிக்கு நான் செய்து வைத்த சிறு விமானத்தைப் பார்த்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எதிரி எங்கே?"

மேசையின்மேல் இருந்தது ஒரே ஒரு விமானந்தான். ஓடுபாதையை விட்டு அப்போதுதான் எழும்பிய நிலை. பின்னால் குண்டு விழுந்த புகை. சக்கரங்கள் இன்னும் உடலுக்குள் முழுவதும் மடங்கவில்லை. துரத்தப்படும் விமானமும் கிடையாது, தீப்பற்றி விழும் விமானமும் கிடையாது. வந்தவர்களுக்கு ஏமாற்றம், செயலாளருக்கோ கோபம். அந்தக் கோபத்துக்கு நான் அன்று வாயால் சொன்ன பதில் சரியாக அமையவில்லை. ஆகவே இங்கே எழுத்தால் சொல்கிறேன். இந்த இதழின் ஆசிரியர் குழுவில் செயலாளரும் ஒருவர். இக்கட்டுரை வெளிவந்தால் அதுவே அவருடைய பெருந்தன்மைக்குச் சாட்சி.

விமானத்தின் பெயர் நாட். கொசுவினும் சிறிய ஒரு பூச்சியை ஆங்கிலத்தில் அப்படி அழைப்பார்கள். இங்கிலாந்தின் ஃபாலண்ட் கம்பெனிக்காகப் பெட்டர் என்னும் வல்லுநர் வடிவமைத்தது. 1955-இல் முதன்முதலாகப் பறந்தது. பிறகு பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் நம் நாட்டவரே கட்டினார்கள். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 7 மீட்டர்கூட இல்லை. 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அது 9 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், உள்ளங்கையில் அடங்கிவிடும்.

தரையில் நிற்கும் விமானத்தைச் செய்வது எளிது. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகள் எல்லாம் அதற்காகவே வார்க்கப்பட்டவை. மூடியைத் திறந்து வைக்கலாம், ஏணியைச் சாய்க்கலாம், விமானி தேநீர் பருகப் போயிருக்கிறார் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். பறக்கிற விமானத்தில் அந்தச் சலுகை எதுவும் இல்லை. முதலாவது, உள்ளே ஆள் இருந்தாக வேண்டும். பறக்கும் நிலையில் அழகாக நிறுத்தி, இருக்கையைக் காலியாக விட்ட மாதிரிகளை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன். செய்தவருக்கு இரும்பின்மேல் இருந்த ஆசை மனிதன்மேல் இல்லை என்றுதான் அவற்றைப் பார்க்கும்போது தோன்றும். என் விமானியின் தலை, கவசத்தோடு சேர்த்தே மிளகைவிடச் சிறியது. அந்தத் தலையை நேரே பார்க்க வைப்பதா, பக்கவாட்டில் திருப்பி வைப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். வானத்தில் பகைவர் வட்டமிடும்போது எழும்புகிறவன் நேரே மட்டுமா பார்ப்பான்? கழுத்தை அறுத்து, சற்று இடப்புறம் மேல்நோக்கித் திருப்பி ஒட்டினேன். அந்த ஒரு வெட்டுக்குப் பிறகுதான் அந்தப் பிளாஸ்டிக் துண்டு விமானமாயிற்று.

இரண்டாவது, காற்று. பெட்டியிலிருந்து வரும் விமானத்தின் சுக்கான்கள் யாவும் நேராக இருக்கும். எழும்புகிற விமானத்தில் அப்படி இரா. நாட்டின் வால்தகடு முழுவதுமே அசையக்கூடியது. மூக்கை உயர்த்த வேண்டுமானால் அதன் முன்விளிம்பு தாழ வேண்டும். இறக்கையில் உள்ள எய்லரான்கள் இரண்டும் ஒருசேரத் தாழ்ந்து ஃபிளாப்பின் வேலையையும் செய்யும். இவற்றையெல்லாம் பிளேடால் அறுத்து மறுபடி ஒட்ட வேண்டும். சக்கரமும் அப்படியே. நாட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு: பறக்கும்போதே வேகத்தைக் குறைக்க, சக்கரங்களை ஓரளவு இறக்கி அவற்றையே காற்றுத் தடையாகப் பயன்படுத்துவார்கள். இதை அறியாத ஓர் அன்பர், "வானத்தில் சக்கரத்தை நீட்டி வைத்திருக்கிறாயே!" என்று இன்னொருவருடைய மாதிரியைப் பழித்ததை நேரில் கேட்டேன். பழித்தவர் இயந்திரவியல் மாணவர்; அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இனி, ஆகாயத்தில் எப்படி நிறுத்துவது? வால்முனையில் உள்ள புகைபோக்கித் துளை வழியே ஆக்ரிலிக் கோல் ஒன்றைச் செருகினேன். கனமோ மூக்குப் பக்கம், பிடிமானமோ வால் பக்கம். எனவே கோலின் நுனியோடு ஒரு பித்தளைக் கம்பியைச் சேர்த்து இறக்கையின் அடிவரை உள்ளே ஓட்ட வேண்டியதாயிற்று. முதல் கோல் மெழுகுவர்த்திச் சுடரில் கொப்புளித்துக் கெட்டது. இரண்டாவது, ஆய்வுக்கூடத்து வெப்பக்காற்று ஊதியில் நயமாக வளைந்தது. (என் பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது.) கோலைப் பஞ்சுப் புகையால் மறைக்கும்படி பலர் யோசனை கூறினார்கள். மறைத்திருந்தால் நாட்டே தீப்பற்றியதுபோல் தோன்றியிருக்கும். கோல் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். பார்க்கிறவன் பொம்மையைப் பார்க்கிறோம் என்று அறிந்துதானே வருகிறான்!

நிற்க. சண்டைக்கு வருகிறேன்.

செயலாளர் கேட்டது 1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் காட்சி. முன்னே ஸேபர் எரிந்து விழ வேண்டும். பின்னே நாட் பாய்ந்து வர வேண்டும். அன்று டிரெவர் கீலர் ஒரு ஸேபரை வீழ்த்தியதாக நம் தரப்பில் எழுதப்பட்டது. அவருக்கு வீர சக்கரமும் கிடைத்தது. ஆனால் அந்த ஸேபர் அடிபட்டும் விழாமல் தன் தளத்துக்குத் திரும்பி இறங்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு வரலாறு. அதே நாளில் நம் நாட் ஒன்று பஸ்ரூர் என்ற பாகிஸ்தான் ஊரின் ஓடுபாதையில் இறங்கிப் பிடிபட்டது. கராச்சியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். ஒரே நாளின் இரண்டு முகங்கள் இவை.

எது மெய், எது மிகை என்று தீர்ப்புச் சொல்ல நான் சரித்திர மாணவன் அல்லன். ஆனால் ஒன்று தெரியும். கட்டுரை எழுதுகிறவன் ஐயமான இடத்தில் 'என்பர்' என்று ஒரு சொல்லைப் போட்டுத் தப்பிக்கலாம். பொம்மை செய்கிறவனுக்கு 'என்பர்' கிடையாது. சிவப்புச் சாயத்தைத் தொட்டு ஸேபரின் வாலில் தீட்டினால், அது எரிந்தது என்று சத்தியம் செய்ததாகிவிடும். அந்த மேசையைப் பார்த்துவிட்டுப் போகும் முதலாண்டு மாணவன் எந்தப் புத்தகத்தையும் புரட்டப் போவதில்லை. கண்ணால் கண்டதாகவே நாற்பது ஆண்டுகள் நம்பிக்கொண்டிருப்பான். ஐந்து ரூபாய்ச் சாயத்துக்கு அவ்வளவு அதிகாரம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே வேறொரு நாளைத் தேர்ந்தேன்: 1971 டிசம்பர் 14. இடம் ஸ்ரீநகர். 1948-ஆம் ஆண்டைச் சேர்ந்த சர்வதேச உடன்பாட்டை ஒட்டி, போர் மூளும்வரை அங்கே வான்காப்பு விமானங்கள் நிறுத்தப்பட்டதில்லை. வந்து சேர்ந்த விமானிகளுக்கு அந்த மலைகளும் புதிது, கடல் மட்டத்துக்கு 1,600 மீட்டருக்கு மேற்பட்ட அந்த உயரமும் புதிது. ஆறு ஸேபர்கள் வந்து தளத்தைத் தாக்கின. ஓடுபாதையில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே நிர்மல்ஜித் சிங் செகோன் தம் நாட்டை எழுப்பினார். முன்னே எழும்பிய துணை விமானம் பிரிந்து போயிற்று. தனி ஒருவராக அவர் போரிட்டார், வீழ்ந்தார். உடல் கிடைக்கவில்லை. இந்திய விமானப்படையில் பரமவீர சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. அவர் இரு ஸேபர்களைத் தாக்கினார் என்று விருதுரை சொல்லுகிறது. தங்களில் எதுவும் விழவில்லை என்று மறுதரப்பு சொல்லுகிறது. அங்கேயும் வழக்கு உண்டு. ஆனால் அவர் எழும்பினார் என்பதில் வழக்கே இல்லை. அவரை வீழ்த்திய பாகிஸ்தான் விமானியே பிற்காலத்தில் அவருடைய தீரத்தைப் புகழ்ந்து எழுதினார். இருவரும் ஒப்புக்கொள்ளும் அந்தக் கணத்தைத்தான் நான் மேசைமேல் வைத்தேன்.

"வந்தவை ஆறு என்பதில் வழக்கில்லையே, அவற்றில் ஒன்றையாவது வைத்திருக்கலாமே?" என்று செயலாளர் மடக்கினார். நல்ல கேள்வி. அன்று எனக்கு வாயடைத்துப் போயிற்று. இரவு படுக்கையில் கணக்குப் போட்ட பிறகே விடை கிடைத்தது. ஒரு சாண் தள்ளி ஸேபரை வைத்தால், உண்மையில் அது 16 மீட்டர் தொலைவு; இரண்டும் மோதிக்கொள்ளும். துப்பாக்கி சுடும் தூரம் 300 மீட்டர் என்று கொண்டால் 4 மீட்டர் தள்ளி, சிற்றுண்டி மேசைக்கு மேலே தொங்கவிட வேண்டும். ஒரு கிலோமீட்டர் என்றாலோ ஏறக்குறைய 14 மீட்டர். அதாவது எதிரி நம் கூடத்து வாசலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்தில் இருந்தார். வேகமும் அப்படித்தான். மணிக்கு 260 கிலோமீட்டரில் செல்லும் விமானத்தை அதே அளவில் சுருக்கினால் வினாடிக்கு 1 மீட்டர். வகுப்புக்குப் போக விருப்பமில்லாதவன் விடுதித் தாழ்வாரத்தில் நடக்கும் வேகம் அது. நீளத்தைச் சுருக்கலாம், அச்சத்தை 72-ஆல் வகுக்க முடிவதில்லை.

இலக்கிய மாணவர் ஒருவர், கொலைக்கருவியைப் பொம்மையாக்குவதே தவறு என்றார். அவர் சொல்லில் பாதி எனக்கு உடன்பாடு. எரியும் விமானத்துக்குள்ளும் ஒரு மிளகுத் தலை இருக்கும் அன்றோ? அதை மறந்து தீயை மட்டும் இரசிப்பதற்குக் கண்காட்சி வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு நன்கு தெரிந்த நடுகற்களை அவருக்கே நினைவூட்டினேன். செங்கம் பக்கத்துக் கற்களில் வீரன் வில்லும் வாளும் ஏந்தி நிற்பான். அவன் உடலில் அம்பு தைத்திருப்பதையும் சில கற்களில் காணலாம். எய்தவனைப் பெரும்பாலும் செதுக்கியிருக்க மாட்டார்கள். எடுத்தனூரில் ஒரு நாய்க்குக்கூடக் கல்லில் இடம் கிடைத்தது, அதன் பெயரோடு. பொருதவனுக்கு இடம் கொடுத்தார்கள். அவர் தலையசைத்தார், ஒப்புக்கொண்டாரா, தேநீர் ஆறுகிறது என்று அசைத்தாரா தெரியாது.

"பஞ்சாபியர் ஒருவரின் விமானம் தமிழ்ச் சங்கத்தில் எதற்கு?" என்று இன்னொருவர் கேட்டார். ஊர் விட்டு வந்து, இந்தி தெரியாமல் விழித்த முதல் மாதத்தில் அவருக்கு அறையில் பாதி தந்தவன் லூதியானாப் பையன். செகோனும் லூதியானா மாவட்டத்தவரே. இதைச் சொன்னதும் நண்பர் சிரித்துவிட்டார்.

மாதிரி இப்போது சங்க அறையில், கேரம் பலகைக்கு மேலுள்ள அலமாரியில் இருக்கிறது. கோல் இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டது, யாரோ தொட்டிருக்கிறார்கள். அடுத்த கண்காட்சிக்குப் பஸ்ரூரில் இறங்கிய நாட்டைச் செய்ய எண்ணியிருக்கிறேன். சக்கரம் தரையில், மூடி திறந்து, இருக்கை காலி. கோல் தேவையில்லை, பஞ்சும் தேவையில்லை. செயலாளரிடம் அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை.