சாக்குத் துணியில் எழுதிய பெயர்கள்



ஆண்டுக் கடைசி இதழ் என்றால் ‘இந்த ஆண்டின் பத்துப் படங்கள்’ என்று ஒரு பட்டியல் போடுவது பத்திரிகைக்காரர்களின் வழக்கம். என்னிடம் கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். புதுப்படம் மூன்றோ நான்கோ பார்த்திருப்பேன். பழைய படங்கள், அதிலும் பாதி எனக்குத் தெரியாத பாஷைப் படங்கள், அறுபதைத் தாண்டிவிட்டன. எல்லாம் கணுக்கால் செய்த உபகாரம்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், மழை விட்ட நேரம், பிரிக்பீல்ட்ஸ் அஞ்சடியில் வழுக்கி விழுந்தேன். ஆறு வாரத்துக்குக் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். கிள்ளானில் அம்மா வீட்டுக் கூடத்தில் போய்ப் படுத்தேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு. ரிமோட் அவருடைய ராஜ்ஜியம். பகலிலும் நாடகம், ராத்திரியிலும் நாடகம். மூன்றாம் நாள் சமரசம் பேசினேன். மத்தியானம் இரண்டு மணி நேரம் எனக்கு.

படம் தொடங்கிப் பெயர் ஓடும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இப்போது எழ முடியாது. வேறு வழியில்லாமல் பெயர்களைப் படித்தேன். இந்த ஆண்டு நான் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

முதலில் போட்டது ‘பக்தி’. சாமிப் படமில்லை, 1950இல் வந்த மலாய்ப் படம். பி. ரம்லி கதாநாயகனாக நடித்த முதல் படம். இயக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்தவர். சனி, ஞாயிறுகளில் தொலைக்காட்சியில் ரம்லி படம் பார்த்தே வளர்ந்தவன் நான். ‘புஜாங் லாப்போக்’ கூத்துக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவன். அந்தப் பெயர்ப் பட்டியலில் நம்மூர்ப் பெயர் இருக்கிறது என்பது ஐம்பது வயதுக்கு மேல்தான் கண்ணில் பட்டது.

பிறகு விடவில்லை. ஒவ்வொரு படமாகப் பெயர் தேடினேன். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய ஸ்டூடியோவுக்கு இயக்குநர்கள் இந்தியாவிலிருந்துதான் வந்தார்கள். 1948இல் ரம்லியைச் சினிமாவுக்குக் கொண்டுவந்த பி.எஸ். ராஜ்ஹன்ஸ். ‘ஜுவீத்தா’ எடுத்த எஸ். ராமநாதன். 1956இல் வண்ணத்தில் ‘ஹங் துவா’ எடுத்த ஃபணி மஜும்தார். இவர் அதற்கு முன்பே சைகலை வைத்து ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ எடுத்துப் பேர் வாங்கியவர். இவர்கள் கையில் வளர்ந்த ரம்லி, 1955இல் ‘பெனாரிக் பேச்சா’வைத் தாமே இயக்கினார். ஏழை ரிக்‌ஷாக்காரன், பணக்கார வீட்டுப் பெண், நடுவில் ஒரு வில்லன். அம்மாவுக்குக் கதை சொல்ல வேண்டிய வேலையே இல்லை. ‘இபு மெர்துவாகு’வில் ரம்லி முள்கரண்டியை எடுத்துக் கண்களை நோக்கிக் கொண்டுபோன போது, “சிவாஜி கூட இவ்வளவு செய்ய மாட்டார்டா” என்றார். பாராட்டா, குறையா தெரியவில்லை.

கால் சரியானதும் நான் போன முதல் வெளியிடம் செத்தாப்பாக். ரம்லி கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு, இன்று அவருடைய நினைவகம். 1964இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூர் வந்து, உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் படம் எடுத்தார். ஊர் வண்ணப் படம் கேட்ட காலத்தில் அவர் கறுப்பு வெள்ளையோடு மல்லுக்கட்டினார். 1973இல் இறந்தபோது வயது 44. அந்த உலு கிள்ளான் ஸ்டூடியோவை ஆரம்பித்தவர்களிலும் அதே எல். கிருஷ்ணன் இருக்கிறார். ரம்லியின் வாழ்க்கையில் இரண்டு வாசல்களிலும் இந்த மனிதர் நிற்கிறார். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்துப் பார்த்தது ஜப்பான் படம். யாசுஜிரோ ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’, 1953. படம் தொடங்கியதும் அம்மா, “கோணிச் சாக்கு” என்றார். உண்மைதான். ஓஸு படங்களில் பெயர்களெல்லாம் சாக்குத் துணியின் மேல்தான் வரும். அரிசிக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

வயதான அப்பா, அம்மா, டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. மாப்பிள்ளை, வந்தவர்களுக்கென்று நல்ல பலகாரம் வாங்கி வருகிறார். இவர்களுக்கு எதற்கு இத்தனை விலையில் என்கிறாள் மகள். நான் வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அம்மா கையமர்த்தினார். “நீ சும்மா இரு, எனக்கே தெரியுது.” பெற்றவர்கள் வீட்டில் இருந்தால் தொந்தரவு என்று பிள்ளைகள் காசு போட்டு அவர்களைக் கடலோர விடுதிக்கு அனுப்பிவைத்தபோது, “அனுப்பிட்டாங்க பாரு” என்று மட்டும் சொன்னார். கடைசியில் தாய் செத்து, சாப்பாட்டுப் பந்தியிலேயே மகள் அம்மாவின் கிமோனோவைக் கேட்கிறாள். அம்மா வாய்விட்டுச் சிரித்து எங்கள் சொந்தத்தில் ஒருவர் பெயரைச் சொன்னார். அச்சில் போட முடியாது.

இன்னொன்றும் கவனித்தேன். அம்மா நாற்காலியில் உட்கார மாட்டார், பாயில்தான். ஓஸுவின் காமிராவும் பாயில் உட்கார்ந்தவர் கண் உயரத்தில்தான் இருக்கும். சோபாவில் சாய்ந்திருந்த எனக்கு யாரோ வீட்டுப் படம். அம்மா அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

இந்த ஓஸு யார் என்று தேடப் போய்த்தான் தூக்கம் போயிற்று. 1943இல் ஜப்பானிய ராணுவம் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. எதற்கு? நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிப் படம் எடுக்க. கேத்தே கட்டடத்தில் இருந்தார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்ததும் அதே கேத்தே தியேட்டரில்தான். அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் லோக் வான் தோ நம் கோலாலம்பூரில் பிறந்தவர். லோக் யூ சாலையில் தினமும் போகிறோமே, அந்த லோக் யூவின் மகன். நேதாஜி படம் கடைசிவரை உருவாகவில்லை. ஜப்பானியர் கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கப் படங்களைப் பார்த்துப் பொழுது போக்கிய ஓஸு, 1946இல் ஊர் திரும்பினார். சிங்கப்பூரில் பார்த்தவற்றில் அவரை மிகவும் கவர்ந்தது ‘சிட்டிசன் கேன்’ என்பார்கள். நானும் பார்த்தேன். இரண்டு தடவை தூங்கிப் போனேன். ஓஸு மன்னிப்பாராக.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். காப்பார் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் பெரிய மாமா நேதாஜியின் படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர். திரும்பவில்லை. வீட்டில் அவருக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. அம்மா கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்தபடி இருந்தார். “அந்த ஜப்பான்காரர் படத்தை எடுத்திருந்தா, மாமா மூஞ்சி அதுல எங்கயாச்சும் இருந்திருக்கும்ல?” என்றார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கியாரோஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே’: ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு பையன் மலையேறி இறங்குகிறான், அவ்வளவுதான், பேத்தி இரண்டு தடவை பார்த்தாள். ‘பைசிக்கிள் தீவ்ஸ்’: அம்மாவுக்குக் கோபம், சைக்கிளைப் பூட்டாமல் எவனாவது விடுவானா என்று. சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ 1977இல் யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே எடுத்த ‘பொன்மணி’: இத்தனை நாள் பார்க்காமல் இருந்ததற்கு வெட்கப்பட்டேன். யாஸ்மின் அகமதுவின் ‘டேலன்டைம்’ வெளிவந்தபோதே பார்த்ததுதான். காது கேளாத மகேஷின் வீட்டுத் தமிழ் இன்னும் காதில் இருக்கிறது.

கடைசியாக, பார்க்க முடியாமல் போன ஒரு படம். 1957இல் வந்த ‘பொந்தியானாக்’. கூன் விழுந்த பெண்ணாக மரியா மெனாடோ நடித்தது. கேத்தேயில் கூட்டம் நெரிந்த பேய்ப் படம். இயக்கியவர் பி.என். ராவ். 1939இல் கலைவாணர் நடித்த நம் ‘ரம்பையின் காதல்’ எடுத்த அதே ராவ்! தேவலோக ரம்பையைக் காட்டிய கைதான் மலாய்ப் பேயையும் காட்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு அவர் எடுத்த ‘சும்பா பொந்தியானாக்’ கிடைக்கிறது, பார்த்தேன். முதல் படத்துக்கு ஒரு பிரதி கூட மிஞ்சவில்லை.

“அதுவா, நான் பார்த்திருக்கேனே” என்றார் அம்மா, பாத்திரம் கழுவிக்கொண்டே.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்து வயதில் தோட்டத்திலிருந்து லாரி வைத்துக் கிள்ளானுக்குக் கூட்டிப் போனார்களாம். கதையைச் சொல்லுங்கள் என்று நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். கூனல் முதுகு, ஒரு கிழவர், பாம்பு, பிடரியில் ஆணி. அதோடு நின்றது. பேய் வரும்போதெல்லாம் தன் ஆத்தாவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டாராம். அம்மா பார்த்தது பாதிப் படம்தான்.

மீதிப் பாதியைப் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்து முகவரிக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்