தண்ணீர்ப்பந்தல் மட்டும் போதுமா?

தைப்பூசத்திற்கு இரு திங்கள் முன்னர், தண்ணீர்மலை அடிவாரத்தில் பந்தல் அமைக்கும் குழுவொன்றின் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். மோர் எத்தனை அண்டா, வாழையிலை எத்தனை கட்டு, ஒலிபெருக்கி யார் பொறுப்பு என்பன எல்லாம் முறையாகப் பேசி முடிக்கப்பட்டன. முதலுதவிக்கு இருவர் அமர்த்தப்பட்டனர். "வேறு ஏதேனும் உண்டா?" எனத் தலைவர் வினவியபோது நான் எழுந்தேன். "இத்துணைப் பெருங்கூட்டத்தில் விபத்து நேர்ந்து பலர் ஒருங்கே மாண்டுபோனால், அவ்வுடல்களை எவ்வாறு காப்பது என்று நம் இளைஞர் சிலருக்குப் பயிற்சி அளிக்கலாமே" என்றேன். அவையில் ஒரு கணம் பேச்சில்லை. பிறகு பெரியவர் ஒருவர், "நல்ல காரியம் பேசுகிற இடத்தில் இந்தப் பேச்சு எதற்குத் தம்பி?" என்றார். சிலர் சிரித்தனர். கூட்டம் கலைந்தது.

அப்பெரியவர்மீது எனக்குச் சினமில்லை. அவர் கூறியது அவர் ஒருவரின் கருத்தன்று. நம்மவர் பெரும்பாலோர் கருத்து அதுவே. சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடும் என்று நாம் அஞ்சுகிறோம். பேசாதிருந்த காலத்தில் மட்டும் அது வாராதிருந்ததா?

1988ஆம் ஆண்டு ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. பினாங்குத் தீவில் சீனர்களின் குவான் யின் பெருவிழா. கடலுக்கு அப்பால் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. இரு விழாக்களின் கூட்டமும் பட்டர்வொர்த் படகுத்துறையில் வந்து நெருங்க, பயணிகள் நின்ற மேல்தளம் சுமை தாளாது இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 2004 டிசம்பர் 26, அதுவும் ஞாயிறே. ஆழிப்பேரலை மலேசியாவில் கொண்டுபோன 68 உயிர்களுள் 52 பினாங்கு மாநிலத்தில் போயின. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் மண் சரிந்து 11 பேர். அடுத்த ஆண்டு அதே அக்டோபரில் பாயா தெருபோங் பகுதியின் புக்கிட் குக்குஸில் 9 பேர். இவ்விரு சரிவுகளிலும் புதையுண்டோருள் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். பெயரைக் கேட்டு ஓடிவர உறவினர் எவரும் இங்கே இல்லாதவர்கள். இவை நம் கண்ணெதிரே நடந்தவை. 513 படிகள் ஏறி முருகனைக் காணப் பல்லாயிரவர் வரும் மலையில் இப்படியொன்று நேராது என்று உறுதி கூறுவார் யார்?

எழுத்தாளராகிய நாம் இன்னொரு சாவைப் பற்றி ஓயாது எழுதுகிறோம். சயாம் மரண ரயிலைப் பாடாத கவிஞரும், அதன்மீது கதை புனையாத எழுத்தாளரும் நம்மிடையே குறைவு. நன்று, எழுதத்தான் வேண்டும். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டதில்லை. அந்தப் பாதையில் மாண்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். மாண்ட ஆசியத் தொழிலாளர், நம் தோட்டங்களிலிருந்து போன தமிழர் உட்பட, 80,000 முதல் 1,00,000 வரை எனக் கணிக்கின்றனர். காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். வரிசை வரிசையாகப் பெயர்ப்பலகைகள். நம்மவர் பெயர் எங்கே?

வெள்ளையர் உயிருக்குத் தந்த மதிப்பை நம் உயிருக்குத் தரவில்லை என்பது விடையின் ஒரு பாதி. அதனை நாம் நன்கு எழுதிவிட்டோம். மறுபாதியை எழுதவில்லை. கைதிகளிடையே படை அமைப்பு இருந்தது. பசியிலும் கழிச்சலிலும் கிடந்தபடியே, யார் எங்கே புதைக்கப்பட்டார் எனக் குறித்து வைத்தவர் இருந்தனர். ஏடுகளைக் காவலர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்தவர் இருந்தனர். அதனாலேதான் 1945இல் போர் முடிந்ததும் கல்லறை தேடச் சென்ற குழுவினரால் பல்லாயிரம் கல்லறைகளைக் கண்டறிய முடிந்தது. நம் மக்களைக் கூட்டிச் சென்ற கங்காணியிடம் கூலிக் கணக்கு இருந்திருக்கலாம். சாவுக் கணக்கு இல்லை. அமைப்பின்றிக் கொண்டு செல்லப்பட்ட ஏழைகளின் குற்றமன்று அது. ஆயின் இன்று ஊருக்கு ஒரு சங்கம், தெருவுக்கு ஒரு மன்றம் வைத்திருக்கும் நமக்கு அந்தச் சாக்கு உண்டா?

மாண்டவனின் பெயரையும் சிறப்பையும் கல்லில் பொறித்து நட்டு வணங்கிய இனம் இது. இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை எண்ணிய வள்ளுவர் தென்புலத்தாரை முதலில் வைத்தார். வகுப்பில் நாம் இவற்றை நடத்துகிறோம். தேர்வில் வினாவாகவும் கேட்கிறோம். வகுப்பறைக்கு வெளியே வந்ததும், "செத்தவருக்கு என்ன, இருப்பவரைப் பாருங்கள்" என்கிறோம்.

இதற்குத் துணையாக வருவது நோய் பற்றிய அச்சம். "உடனே புதைக்காவிட்டால் கொள்ளைநோய் வரும்" என்று படித்தவரும் பேசுகின்றனர். இது பொய் என்று மருத்துவ உலகம் தெளிவாகக் கூறிவிட்டது. 2006ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவை அமைப்புகளும் இணைந்து, பேரிடரில் இறந்தோர் உடல்களைப் பேணுவது குறித்து முதலில் களத்திற்குச் செல்வோருக்கென ஒரு கையேட்டை வெளியிட்டன. வெள்ளத்திலும் இடிபாட்டிலும் மாண்டவர் காயத்தாலும் மூச்சடைத்தும் மாண்டவர்; கொள்ளைநோயைச் சுமந்து மாண்டவர் அல்லர். அவர்தம் உடல்கள் ஊருக்கு நோய் பரப்புவதில்லை. உடலைக் கையாள்வோர்க்குக் கையுறையும் காலணியும் கை கழுவும் சவர்க்காரமும் வேண்டும். குடிநீர் ஊற்றருகே உடல் கிடத்தல் ஆகாது. வாந்திபேதி போன்ற தொற்றால் மாண்டவர் செய்தி வேறு. ஆனால் ஆழிப்பேரலைக்குப் பின் பெருங்குழி தோண்டி அடுக்கடுக்காகப் புதைக்க மருத்துவக் காரணம் ஏதுமில்லை. சுண்ணாம்பு தூவுவதிலும் பயனில்லை.

இந்தப் பொய்யால் விளைந்தது என்ன? நாகப்பட்டினம் மாவட்டத்தில் அன்று மாண்டோர் 6,000க்கும் மேற்பட்டோர். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்திருந்த யாத்திரிகர் பலர் வெளியூரார். முகம் கண்டு "இவர் இன்னார்" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அவசர அவசரமாகப் பொதுக்குழிகளில் புதைக்கப்பட்டோருள் பெயரறியப்படாதவர் பலர். தன் மகன் அக்குழியில் இருக்கிறானா, அல்லது எங்கேனும் உயிரோடிருக்கிறானா என்று அறியாத தாய்க்கு ஈமக்கடனும் இல்லை. துயருக்கு முடிவும் இல்லை. சட்டமும் அவளை அலைக்கழிக்கும். உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கொள்வதற்கு ஏழாண்டு செல்ல வேண்டும் என்பது மலேசியச் சான்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு; இந்தியாவிலும் விதி அத்தகையதே. பேரிடர்க் காலத்தில் அரசுகள் தனிவழி வகுக்கலாம். ஆயினும் சேமநிதிப் பணத்திற்கும் நிலப் பட்டாவுக்கும் கதவுதோறும் நிற்கப்போவது அந்தக் கைம்பெண்தான்.

அந்த நாள்களில் நாகையில் உடல்களை எடுத்தவர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். முஸ்லிம் இளைஞர் பலர் சமயம் பாராது இறங்கிப் பணியாற்றினர், அவர்களை வணங்குகிறேன். ஆனால் இடிபாடுகளினின்று அழுகிய உடல்களை அள்ளும் வேலையின் பெரும்பகுதி, பிற நகரங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர் தலையில் விழுந்தது. அவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். பலருக்குக் கையுறை கூட இல்லை. பிணம் தொடுவது ஒரு சாதிக்குரிய தொழில் என்னும் பழைய அழுக்கு, அத்தகைய பேரழிவிலும் கழுவப்படவில்லை. மலேசியத் தமிழராகிய நாம் அதனைக் கடந்துவிட்டோம் என்று மேடையில் பெருமை பேசுகிறோம். பந்தல் குழுவில், "உடலைத் தூக்க யார் வருவீர்?" என்று கேட்டுப் பாருங்கள். கடந்தோமா இல்லையா என்பது அப்போது தெரியும்.

"அதற்கு அரசாங்கம் இருக்கிறதே" என்பார் உளர். இருக்கிறது, மறுக்கவில்லை. சாவை உறுதி செய்வது மருத்துவர் பணி. இறந்தவர் இன்னார் என்று முடிவு செய்வது காவல்துறைக்கும் தடயவியல் மருத்துவருக்கும் உரிய பணி. தொண்டர் அதில் தலையிடவே கூடாது. எம்எச்17 விமானம் 2014 ஜூலை 17இல் வீழ்த்தப்பட்டபின், நெதர்லாந்தின் ஹில்வெர்சம் நகரில் அறிஞர் கூடி ஒவ்வோர் உடலையும் ஆராய்ந்தனர். நம் நாட்டார் உடல்களில் முதற்பகுதி வந்து சேர்ந்தது ஆகஸ்டு 22இல். அந்த 36 நாளும் நாடு காத்திருந்தது. பெயர் சரியாக அறியப்படவேண்டும் என்பதற்காகக் காத்திருக்க நம்மால் இயலும் என்பதை அன்று கண்டோம். ஆயின் அறிஞர் வந்து சேருமுன் கழியும் முதல் நாளில் பாழ்பட்டது பிறகு திரும்பாது. நம் நாட்டு வெப்பத்தில் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் முகம் அடையாளம் காண இயலாதவாறு சிதைந்துவிடும். அந்த முதல் நாளில் களத்தில் நிற்பவர் யார்? பக்கத்துப் பந்தல்காரர்தாம். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உடலைத் தொடப்போவது அவர்களே. தெரிந்து தொடுவார்களா, தெரியாமல் தொடுவார்களா என்பதே வினா.

தெரியாமல் தொடுவோர் செய்வது இது. மேலே கிடக்கும் உடலை இழுத்து ஓரத்தில் போடுவர். சட்டைப்பையிலுள்ள அடையாள அட்டையை எடுத்துப் "பத்திரமாக" மேசையில் குவிப்பர். தாலியையும் மோதிரத்தையும் திருடர் கொண்டுபோவர் என்றெண்ணிக் கழற்றி ஒரு பையில் போடுவர். எல்லாம் நல்லெண்ணத்தோடு செய்வதே. ஆனால் அந்த நேரத்திலேயே பத்துப் பேரின் பெயர் அழிந்துவிட்டது.

தெரிந்தவர் செய்ய வேண்டியது கடினமன்று; ஒழுங்கு வேண்டும். ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண்: "தண்ணீர்மலை, 2ஆம் குழு, 14" என்பது போல. அவ்வெண் இன்னோர் உடலுக்கு ஒருபோதும் வரலாகாது. நீரில் அழியாத மையால் எழுதி, ஓர் அட்டையை உடலிலும் இன்னோர் அட்டையை உறையிலும் கட்டவேண்டும். கிடந்த இடத்தைக் குறிக்கவேண்டும். அருகே யார் கிடந்தார் என்பதும் உதவும். எண் தெரியுமாறு நிழற்படம்: முழு உடல், நேர்முகம், ஆடை, தழும்பு, பச்சை. அணிகலனைக் கழற்றாது உடலோடு விடவேண்டும். குளிரூட்டிய கொள்கலன் கிடைக்காவிடில் தற்காலிகமாகப் புதைக்கலாம். ஆனால் ஒருவர்மேல் ஒருவராக அன்று, ஒரே வரிசையில், தலைமாட்டில் எண்ணோடு. பின்னர் எடுத்துப் பார்க்க வழி வேண்டும். "என் தம்பிதான் இவன்" என்று கதறி வருபவரிடம் உடனே உடலைத் தந்துவிடுதலும் தவறு. தாய்லாந்தில் 2004இல் முதல் நாள்களில் முகம் பார்த்து ஒப்படைக்கப்பட்டவற்றுள் ஆள்மாறாட்டம் நேர்ந்தது. கைரேகை, பல், மரபணு ஆகிய மூன்றுமே உறுதியான சான்றுகள்.

இவற்றைச் செய்வோர் இருவர் இருவராகப் பணிபுரிந்து, சில மணிக்கொருமுறை மாறிக்கொள்ள வேண்டும். பணி முடிந்தபின் அவர்களோடு அமர்ந்து பேச ஒருவர் வேண்டும். கண்டது உறக்கத்தில் வரும். அதைக் கோழைத்தனம் என்று நகையாடும் தலைவரைக் குழுவில் சேர்க்கவே கூடாது. மாணவர்களே, நீங்கள் உடல் தூக்க வேண்டா. அது முதிர்ந்தோர் பணி. உங்களுக்கு வேறு பணி உண்டு.

அதுவே தமிழாசிரியர் பணியும். காணாமற்போனோர் பட்டியல் எழுதும் மேசையைத்தான் சொல்கிறேன். நம் பெயர்கள் அரசு ஏடுகளில் படும் பாட்டை ஆசிரியரைவிட அறிந்தவர் யார்? ஒரே முனியாண்டி பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டலிலும், அடையாள அட்டையில் வேறொன்றிலும், மருத்துவமனை ஏட்டில் மூன்றாவதிலும் இருப்பார். மகளுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். பாட்டி வந்து, "எங்க பாப்பாவக் காணோம்" என்பாள். பாப்பாவின் பெயர் அவளுக்கே நினைவிராது. அவளை அமர்த்தித் தண்ணீர் கொடுத்து, தந்தை பெயர் என்ன, எந்தப் பள்ளி, என்ன நிறச் சட்டை, முன்பல் விழுந்திருந்ததா, காலில் தழும்பு உண்டா என்று பொறுமையாகக் கேட்டுத் தமிழிலும் மலாயிலும் பிழையற எழுத வல்லவர் தமிழாசிரியரன்றி வேறு யார்? பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் அட்டையில் கைரேகையும் இல்லை. அந்தப் பிள்ளையைப் பெற்றோரிடம் சேர்க்கப்போவது, ஆசிரியர் கேட்டு எழுதிய அந்த நான்கு வரிகளாகவே இருக்கக்கூடும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. பொதுத் தற்காப்புப் படையும் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் நம்மிடையே உள்ளன. நாம் தனிக்கொடி ஏற்ற வேண்டா, அவர்களோடும் காவல்துறையோடும் இணைந்து பயிலலாம். ஆண்டுக்கு இரு சனிக்கிழமைகள் ஒரு பள்ளித் திடல் கிடைத்தால், வைக்கோல் திணித்த பொம்மைகளைக் கிடத்தி, எண் கட்டவும் படமெடுக்கவும் மேசையில் அமர்ந்து கேட்டெழுதவும் பழகலாம்.

அந்தக் கூட்டம் கலைந்த மாலை, வாயிலில் ஓர் இளம் ஆசிரியை என்னை நிறுத்தினார். தம் தாத்தா சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை, எங்கே மாண்டார் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது என்றார். பையிலிருந்து ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, அதன் கடைசித் தாளில் முதல் பெயராகத் தம் பெயரை எழுதித் தந்தார். இப்போது அத்தாளில் பதினொரு பெயர்கள் உள்ளன. அவற்றுள் ஏழு ஆசிரியருடையவை. கூட்டத்தில் என்னைக் கடிந்த பெரியவர் சென்ற வாரம் அழைத்து, பொம்மைக்கு வைக்கோல் எங்கே வாங்கப் போகிறாய் என்று கேட்டார்.