கிணற்றைத் தூர் வாரினால் மட்டும் போதுமா?

தொடக்க நூலின் 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் கதை வருகின்றது. அவருடைய தந்தை ஆபிரகாமின் காலத்தில் தோண்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண் போட்டுத் தூர்த்து விட்டார்கள். இருந்த இடத்தை விட்டுப் போகும்படி பணிக்கப்பட்ட ஈசாக்கு, அக்கிணறுகளை மீண்டும் தோண்டி, தந்தை இட்ட பெயர்களையே அவற்றுக்கு இட்டார்.

முகாமிலும் உறவினர் வளவிலும் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த எமது கமக்காரக் குடும்பங்களுக்கு இக்கதையை விளக்கத் தேவையில்லை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்தோரின் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. இன்னும் விடுவிக்கப்படாத காணிகளும் உண்டு. திரும்பியவர்கள் முதலில் பற்றை வெட்டுகிறார்கள், கிணற்றைத் தூர் வாருகிறார்கள், அடுத்ததாக யூரியா மூடைக்குப் போகிறார்கள். இந்த மூன்றாவது வேலைக்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன்.

மண்ணின் இரசாயனத்தை ஆராய்பவர்களின் வேலை எமக்கு எட்டாத ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஆய்வு ஒரு கமக்காரரின் கேள்வியிலிருந்தே வளர்ந்தது. இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் தொம்சன் என்பவர் பண்ணை வைத்திருந்தார். எருவின் சத்து மழையோடு போய்விடுகிறதா என்பது அவருடைய கவலை. 1845 அளவில் அவர் மண்ணில் அமோனியம் உப்பைச் சேர்த்து, அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அமோனியத்தின் பெரும்பகுதியை மண் பிடித்துக்கொண்டது. வே என்ற இரசாயனவியலாளர் அதே சோதனையைப் பல உப்புகளைக் கொண்டு செய்து 1850இல் வெளியிட்டார். அமோனியத்தைப் பிடிப்பது மண்ணிலுள்ள களி என்பதையும், நைத்திரேற்றை அது பிடிப்பதில்லை என்பதையும் அவர் கண்டார்.

களித் துணிக்கைகள் மறையேற்றம் உடையவை. அமோனியம் நேரேற்றம் உடையது, ஆகவே ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்றும் மறையேற்றம் உடையதாகையால் ஒட்டாமல் தண்ணீரோடு இறங்கிவிடும். நாம் போடும் யூரியா மண்ணில் அமோனியமாகி, பின்னர் நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறுகின்றது. பயிர் உறிஞ்சியது போக மிஞ்சுவது கீழே போகும்.

எங்கே போகும்? குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை செம்மண்ணுக்கூடாக இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்குவதே எமது நன்னீர். வெங்காயத்துக்குப் போட்ட பசளையும், மலசலகூடக் குழியிலிருந்து ஊறுவதும் அதே வழியாக அதே தண்ணீரில் சேர்கின்றன. ஒரு இலீட்டர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எமது தோட்டக் கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை தாண்டப்பட்டுள்ளது.

இது பச்சைக் குழந்தையின் உயிரோடு சம்பந்தப்பட்டது. 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் கொம்லி என்ற மருத்துவர், நைத்திரேற்று மிகுந்த கிணற்று நீரில் கரைத்த பால் குடித்த சிசுக்கள் நீலம் பாரித்ததை எடுத்துக் காட்டினார். அவற்றின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமற் போயிருந்தது. தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். நிறமும் மணமும் இல்லாததால் நாக்கும் அதனைக் கண்டுபிடிக்காது. பரிசோதனை ஒன்றே வழி.

"பசளை இல்லாமல் விளைச்சல் ஏது, பாதர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்து, பயிர் கருகிய பின் நவம்பரில் தடையைத் தளர்த்தியதை நாம் மறக்கவில்லை. மண்ணைக் கேளாமல் பசளையை நிறுத்துவதும் மண்ணைக் கேளாமல் கொட்டுவதும் ஒரே தவறின் இரு பக்கங்களே. பல வருடம் பற்றை பிடித்துக் கிடந்த காணியில் இலை உக்கிச் சேர்ந்த சத்து இருக்கலாம். மேல்மண் அகழப்பட்ட காணியில் ஒன்றுமே இல்லாதிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே அளவு மூடை எப்படிப் பொருந்தும்?

மண் மாதிரி எடுப்பது கடினமன்று. தோட்டத்தில் பத்துப் பதினைந்து இடங்களில், ஆறு அங்குல ஆழத்துக்கு, மெல்லிய துண்டாக மண்ணை வெட்டுங்கள். எருக் கும்பியையும் வரம்பையும் தவிருங்கள். எல்லாவற்றையும் கலந்து அரைக் கிலோ அளவு எடுத்து, நிழலில் உலர்த்தி, பசளை படாத பையில் இட்டு விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். ஆனால் கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதி செய்யப்படாத நிலத்தில் மண்வெட்டியை வைக்கவே வேண்டாம். பசளை போடும்போது ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள், அளவோடு இறையுங்கள். பூவரசங் குழை தாட்டு, மாட்டெரு போட்ட எம் முன்னோரின் வழக்கம் சத்தை மெல்ல மெல்லக் கொடுத்தது. அதனைக் கைவிட வேண்டாம்.

ஆய்வாளர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. கிளிநொச்சியிலே பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கின்றது. எமது பிள்ளைகளே அங்கு படிக்கிறார்கள். எங்கள் கிணற்றில் போத்தலை நிரப்பிச் செல்பவர்கள், அதன் முடிவைத் தமிழில் எழுதி எங்கள் படலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆங்கில ஏட்டோடு முடிந்துபோகும் ஆய்வு பாதி வேலையே.

நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். திருச்சபையின் பணியாளர்களான நாம் விதையும் பசளையும் பொதி கட்டிக் கொடுத்தோம்; மண் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. இனிமேல் மீள்குடியேற்ற உதவித் திட்டம் ஒவ்வொன்றிலும், முதல் மூடைக்கு முன் மண் பரிசோதனைக்கும் நீர்ப் பரிசோதனைக்கும் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.

ஈசாக்கு தோண்டிய கிணற்றில் அவருடைய பிள்ளைகளும் குடித்தார்கள். இத்தனை துன்பத்தின் பின் நாம் திரும்பத் தோண்டும் கிணற்றிலும் எம் பிள்ளைகள் அச்சமின்றிக் குடிக்க வேண்டாமா?