மூன்று மாதம் கேட்கும் குதிகால்



காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்தினாற்போல ஒரு வலி. சுவரைப் பிடித்தபடி பாத்ரூம் வரை நொண்டிப் போனால் சற்று இளகும். பிறகு வேலை ஓடிவிடும். மதியம் சாப்பிட்டுச் சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே குத்தல். உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் இப்படி நொண்டிக்கொண்டிருப்பாரே?

'வயசாகிவிட்டது' என்று ஒதுக்கிவிட முடியாது. ஓடியாடும் ஆட்களையும் இது படுத்துகிறது. சுகருக்காக நடக்கச் சொன்னார் டாக்டர் என்று, முதல் வாரமே ஒரு மணி நேரம் நடந்தவர், மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு அவசரமாகத் தூரத்தைக் கூட்டியவர், நாள் முழுக்க நின்றே பாடம் நடத்தும் டீச்சர்... நடந்தால் குதிகால் வலிக்கிறது, நடக்காவிட்டால் சுகர் ஏறுகிறது. என்னதான் செய்வது?

பாதத்தின் அடியில், குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பிளான்டார் ஃபேசியா என்பார்கள். நம் எடை முழுவதையும் அடிக்கு அடி தாங்கி நைந்துபோவது அதுதான். இரவெல்லாம் இறுகிக் கிடந்த நார், காலையில் எடை விழுந்ததும் இழுபடுகிறது. அதனால்தான் முதல் அடி அப்படி வலிக்கிறது. எக்ஸ்ரேயைப் பார்த்து 'எலும்பு வளர்ந்திருக்கு' என்று சொன்னதும் பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரே எடுத்தால் அந்த எலும்பு முள் தெரியும்.

செங்கல்லைச் சூடாக்கி, மேலே எருக்க இலையைப் பரப்பி, அதில் குதிகாலை வைத்து வைத்து எடுக்கும் வைத்தியம் நம் வீடுகளில் பழையது. இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கமே போக வேண்டாம். சுட்டது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

ஸ்டீராய்டு ஊசியும் தற்காலிக இதம்தான், சில வாரங்களுக்கு நிம்மதி. திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால் நார் அறுந்துபோகலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலிந்தும் போகலாம். கல்யாணம், காட்சி என்று அவசரத்துக்காக ஊசி கேட்பதற்கு முன் டாக்டரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

நைந்த நாருக்கு வேண்டியது அளவான வேலை. டென்மார்க் ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஒரு பயிற்சிக்குச் செலவு ஒரு டவல்தான். மாடிப்படியின் விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய டவலை வையுங்கள். குதிகால் வெளியே தொங்கட்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணும் வரை மெதுவாக எழும்புங்கள், உச்சியில் இரண்டு எண்ணி நில்லுங்கள், மூன்று எண்ணி இறங்குங்கள். ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலிலும் தொடங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். அந்த ஆய்வில் மூன்றாம் மாதம், ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களைவிட இந்தப் பயிற்சி செய்தவர்கள் நன்றாகவே தேறியிருந்தார்கள். ஒரு வருடத்தில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதமா என்று மலைக்க வேண்டாம். பத்து நாள் எண்ணெய், பத்து நாள் பெல்ட், பத்து நாள் மாத்திரை என்று மாற்றி மாற்றி அலைவதிலேயே ஒரு வருடம் போய்விடுகிறதே! நடையை நிறுத்தவும் வேண்டாம், தூரத்தைக் குறையுங்கள். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் இன்னும் குறையுங்கள். சில வாரங்களுக்கு சைக்கிளுக்கு மாறினாலும் சரி.

வீட்டுத் தரையையும் கொஞ்சம் பாருங்கள். டைல்ஸும் கிரானைட்டும் போட்டுவிட்டு, அடுப்படியில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் நிற்கிறார்கள் நம் பெண்கள். வீட்டுக்குள் மட்டும் போட மெத்தென்ற ஒரு ஜோடி எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்கிக் கொடுங்களேன். 'வீட்டுக்குள்ளே செருப்பா?' என்று பாட்டி முகம் சுளிப்பார்தான். பூஜை அறை வாசலில் கழற்றி வைத்துவிட்டால் போயிற்று.

இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, பாதம் மரத்தாலோ, வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ பயிற்சியில் நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள். இள வயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் விறைத்துக்கொண்டால் அது வேறு விஷயம். மூட்டுவாத நிபுணர் பார்க்க வேண்டியது.

இவ்வளவும் நம் வீட்டுக் கால்களுக்கு. துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்றே புடவை விரித்துக் காட்டும் பெண்ணின் குதிகாலுக்கு? கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்துவிட்டது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இல்லையென்றால் பில் போடும்போது மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் காதில் விழும்.

அன்புடன்,
ஆசிரியர்