திருப்பமும் தடயமும்

கம்பைநல்லூரில் பேருந்தேறும் மாணவர் ஒருவர் துப்பறியும் மாத நாவல் ஒன்றைப் பிரித்தால், தருமபுரி சென்று சேர்வதற்குள் பாதியைப் படித்துவிடலாம். மீதியைப் படிக்காமலே முடிவைச் சொல்லிவிடவும் முடிகிறது. இன்றைய மர்மக் கதைகள் பலவற்றின் குறை இதுவே.

இறந்தவர் உயிருடன் திரும்புகிறார். அதுவரை பேசப்படாத இரட்டைப் பிறவி ஒருவர் குற்றவாளியாகிறார். நடந்தவை யாவும் கனவென்று கதை முடிகிறது. இவை புதியன அல்ல. ஆங்கில எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் 1929ஆம் ஆண்டிலேயே துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். வாசகரை முன்னரே ஆயத்தப்படுத்தாமல் இரட்டையரைக் கொண்டுவரலாகாது என்பதும், துப்பறிபவர் காணும் தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கலாகாது என்பதும் அவற்றுள் அடங்கும்.

ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் தமிழில் துப்பறியும் புதினத்திற்கு வாசகரை உருவாக்கினர். தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷ், வசந்த் இணையும் அவ்வாசகரைப் பெருக்கினர். இக்கதைகள் வாசிப்புப் பழக்கத்தை வளர்த்தன என்பதை மறுக்க இயலாது. மாதந்தோறும் எழுதி முடிக்க வேண்டிய நெருக்கடியில் பழகிய உத்தி கைகொடுப்பதும் இயல்பே. ஆயினும், விதைக்காத ஒன்றை அறுவடை செய்து காட்டுவது வாசகரின் அறிவை மதிப்பதாகாது.

சிலப்பதிகாரத்தை எண்ணிப் பார்ப்போம். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லனே என்பதை இளங்கோவடிகள் முன்னரே நமக்குக் கூறிவிடுகிறார். உண்மையை அறிந்திருந்தும், கண்ணகி சிலம்பை உடைக்கும் வேளையில் நம் நெஞ்சம் பதறுகிறது. முத்துப் பரலை எதிர்பார்த்த அரசன்முன் மாணிக்கப் பரல் தெறிக்கிறது. அங்கே நம்மை உலுக்குவது திடீர் வியப்பன்று. சான்று காட்டும் உண்மையும் அது காலந்தாழ்ந்து வந்த துயரமுமே ஆகும்.

சான்றில்லாத முடிவுகளைக் கதையில் ஏற்றுப் பழகும் மனம், வாழ்விலும் சான்று கேட்க மறந்துவிடக்கூடும். பொற்கொல்லனின் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியனின் பிழையும் அதுவன்றோ? எனவே, அடுத்த மர்மக் கதையைப் படித்து முடித்ததும் மூடிவைத்துவிடாமல், முன் பக்கங்களுக்குச் சென்று தடயத்தைத் தேடுங்கள். அது அங்கே இருக்குமாயின், அக்கதையை நண்பருக்கும் படிக்கக் கொடுங்கள்.