எடை சமம், பள்ளிகள் சமமா?

புது தில்லி: மல்யுத்தத்தைப்போல சமநிலையில் கண்டிப்பு காட்டும் விளையாட்டுகள் சிலவே. 2024 பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் மகளிர் 50 கிலோ பிரிவின் இறுதிச் சுற்றுக்கு முன்னேறியிருந்த வினேஷ் போகாட், மறுநாள் காலை எடை பார்க்கப்பட்டபோது 100 கிராம் கூடுதலாக இருந்தார் என்பதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். நாடே வேதனைப்பட்டது, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அதன் எதிரொலி கேட்டது. ஆனால், விதி தளரவில்லை. சமமானவர்கள் மட்டுமே கோதாவில் இறங்க வேண்டும் என்பதே அந்த விதியின் அடிப்படை. 100 கிராமுக்கு இத்தனை கறாராக இருக்கும் இதே விளையாட்டு, நமது பள்ளிப் போட்டிகளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை என்பதுதான் வியப்பு.

பள்ளி மல்யுத்தத்தில் மாணவர்களைப் பிரிப்பதற்கு இரண்டு அளவுகோல்கள் உள்ளன. ஒன்று வயது, மற்றொன்று எடை. உலக மல்யுத்த அமைப்பின் விதிப்படி 17 வயதுக்கு உட்பட்டோருக்கு ஃப்ரீ ஸ்டைல், கிரேக்க-ரோமன், மகளிர் மல்யுத்தம் ஆகிய மூன்றிலும் தலா 10 எடைப் பிரிவுகள் இருக்கின்றன. ஆக மொத்தம் 30 பிரிவுகள். இவற்றில் போட்டியிடும் மாணவர் எந்தப் பள்ளியிலிருந்து வருகிறார், அந்தப் பள்ளியில் எத்தனை பேர் படிக்கின்றனர், பயிற்றுநர் உண்டா, பயிற்சி விரிப்பு உண்டா என்ற கேள்விகளுக்கு இடமே இல்லை. 2,000 மாணவர்களும் தனிப் பயிற்றுநரும் உள்ள நகரத்துப் பள்ளியும், உடற்கல்வி ஆசிரியரே இல்லாத கிராமத்து உயர்நிலைப் பள்ளியும் ஒரே குலுக்கலில் வைக்கப்படுகின்றன.

இதன் விளைவை ஊகிப்பது கடினமல்ல. 17 வயதுக்கு உட்பட்டோருக்கான ஒரு போட்டி என்பது இரண்டு நிமிடங்கள் கொண்ட இரு சுற்றுகள். ஃப்ரீ ஸ்டைலில் 10 புள்ளிகள் வித்தியாசம் வந்துவிட்டால் நேரம் முடியும் முன்பே போட்டி நிறுத்தப்பட்டுவிடும். நாள்தோறும் இருவேளை பயிற்சி பெறும் மாணவனிடம், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் விரிப்பைப் பார்க்கும் மாணவன் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிப்பது அரிது. தோற்றவருக்கு மறுவாய்ப்பு உண்டு என்றாலும், தம்மை வென்றவர் இறுதிச் சுற்றை எட்டினால்தான் அதுவும் கிடைக்கும். மாவட்டத்திலிருந்து ஓர் எடைப் பிரிவுக்கு ஒருவரே மாநிலப் போட்டிக்குச் செல்லும் முறையில், முதல் சுற்றில் யாரை எதிர்கொள்கிறார் என்பதே பல மாணவர்களின் விளையாட்டு வாழ்க்கையை முடித்துவிடுகிறது.

இது வெறும் பதக்கக் கணக்கு அல்ல. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணியிடங்களுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில், தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் மாநில அணிக்காகப் பங்கேற்றதும் ஒரு தகுதியாக ஏற்கப்படுகிறது. பல்கலைக்கழகங்களில் விளையாட்டுப் பிரிவின் கீழ் சேர்வதற்கும் இத்தகைய சான்றிதழ்கள் கைகொடுக்கின்றன. நிலமற்ற ஒரு விவசாயத் தொழிலாளியின் மகனுக்கு ரயில்வேயிலோ துணை ராணுவத்திலோ ஒரு வேலை கிடைப்பதற்கான வாசல் அது. அந்த வாசலுக்குச் செல்லும் பாதை மாவட்ட அளவிலேயே அடைபட்டுவிடுகிறது என்றால், அதனை விளையாட்டுப் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது.

பள்ளியின் அளவைக் கணக்கில் கொள்வது நமக்குப் புதிதும் அல்ல. நாடாளுமன்றம் 2009-இல் நிறைவேற்றிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பார்த்தால் இது தெளிவாகும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 மாணவர்களுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்கிறது அந்த அட்டவணை. அதாவது, 101 மாணவர்கள் உள்ள பள்ளிக்குச் சட்டப்படி பயிற்றுநர் உண்டு. 99 மாணவர்கள் உள்ள பள்ளிக்கு அந்த உரிமை இல்லை. மல்யுத்தத்தின் அடிப்படைப் பிடிகளைக் கற்க வேண்டிய வயது 11 முதல் 14 வரை. அந்த வயதில் ஒரு மாணவனுக்குக் கற்றுத்தர ஆள் இருப்பாரா, மாட்டாரா என்பதைப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. கொடுக்கும்போது பள்ளியின் அளவைப் பார்க்கும் அரசு, போட்டியிட அழைக்கும்போது மட்டும் அதைப் பார்க்க மறுப்பது எந்த வகையில் நியாயம்?

நிதி விஷயத்திலும் இதே கதைதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான 'சமக்ர சிக்ஷா'வின் கீழ் விளையாட்டுச் சாதனங்கள் வாங்க அரசுத் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாயும், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாயும், உயர்நிலை மற்றும் மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 ரூபாய் வரையும் வழங்கப்படுகின்றன. போட்டிக்குரிய மல்யுத்த விரிப்பு 12 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் விலை லட்சங்களில். வாங்கினாலும் விரித்து வைப்பதற்கு அந்த அளவுள்ள கூடம் எத்தனை கிராமப் பள்ளிகளில் இருக்கிறது? பெரிய பள்ளிகள் பெற்றோர் சங்கத்தின் மூலமோ, கொடையாளர்கள் மூலமோ சமாளித்துக்கொள்ளும். சிறிய பள்ளிக்கு அந்த வழியும் இல்லை.

மறுபக்கம், மல்யுத்தத்தில் இந்தியா ஈட்டியுள்ள பெருமைக்குக் காரணமான பயிற்சிக் களங்களைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. தில்லி சத்ரசால் மைதானத்தில் பயிற்சி பெற்ற சுஷீல் குமார், ரவி தஹியா, அமன் ஷெராவத் ஆகியோர் ஒலிம்பிக் பதக்கங்களை வென்று வந்தனர். ஹரியாணாவின் சோனிபட், ரோத்தக், ஜஜ்ஜர் பகுதிகளில் 'அகாடா' எனப்படும் மல்யுத்தக் கூடங்கள் கிராம வாழ்வின் அங்கமாகவே இருக்கின்றன. 2018-இல் தில்லியில் நடந்த முதலாவது 'கேலோ இந்தியா' பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஹரியாணா முதலிடம் பிடித்ததில் வியப்பில்லை. அந்த மாணவர்கள் தங்கள் வியர்வையால் வென்றவர்கள். அவர்களைத் தண்டிப்பது நோக்கமாக இருக்க முடியாது. அத்தகைய வசதி இல்லாத பகுதிகளிலும், ஏன், அதே ஹரியாணாவின் அகாடா இல்லாத கிராமங்களிலும், பள்ளியை மட்டுமே நம்பியிருக்கும் மாணவனுக்கு என்ன வழி என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாக விவாதித்து வரும் நாடு அமெரிக்கா. அங்கு உயர்நிலைப் பள்ளி மல்யுத்தம் பெரும் மக்கள் ஆதரவு பெற்றது. பல மாகாணங்கள் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பள்ளிகளைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிச் சாம்பியன் பட்டம் வழங்குகின்றன. பென்சில்வேனியாவில் இரண்டு பிரிவுகள்; ஒஹையோவில் மூன்று. கலிஃபோர்னியாவோ எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பட்டம் என்பதில் உறுதியாக நின்றது. பிரிப்பதற்குச் சொல்லப்படும் காரணம் எளிமையானது. அங்கு பள்ளிகள் அணியாக மோதும்போது, ஏதேனும் ஓர் எடைப் பிரிவுக்கு வீரர் இல்லாவிட்டால் எதிரணிக்கு 6 புள்ளிகள் தாரை வார்க்கப்படும். சிறிய பள்ளியில் எல்லா எடைக்கும் ஆள் கிடைப்பதில்லை. எனவே, விரிப்பில் கால் வைக்கும் முன்பே அது தோற்றுவிடுகிறது.

பிரிக்கக் கூடாது என்போரின் வாதமும் வலுவானதே. இண்டியானா மாகாணத்தில் 1954-இல் வெறும் 161 மாணவர்கள் கொண்ட மிலான் என்ற சிற்றூர்ப் பள்ளி, பெரிய பள்ளிகளை வென்று கூடைப்பந்துப் பட்டத்தைக் கைப்பற்றியது. அந்த வெற்றியின் தாக்கத்தில் 1986-இல் ஒரு திரைப்படமே வெளிவந்தது. 1997-98 பருவத்தில் கூடைப்பந்துப் பட்டத்தை நான்கு பிரிவுகளாக்கியபோது, இனி இன்னொரு மிலான் தோன்ற வழியே இல்லை என்று பலர் வருந்தினர். அதே இண்டியானா, மல்யுத்தத்தின் தனிநபர் பட்டத்தை அப்போது பிரிக்கவில்லை. மாகாணத்துக்கு ஓர் எடையில் ஒரே சாம்பியன்தான் என்ற பெருமையை விட்டுத்தர அங்கு மனமில்லை.

இரு தரப்பிலிருந்தும் நாம் கற்க வேண்டியது உண்டு. ஆனால், அமெரிக்க முறையை அப்படியே இறக்குமதி செய்வது பயன் தராது. இங்கு மாணவர் எண்ணிக்கை மட்டுமே பள்ளியின் வலிமையைக் காட்டிவிடாது. விளையாட்டு விடுதியோடு இயங்கும் ஒரு பள்ளியில் தேர்ந்தெடுக்கப்பட்ட 200 மாணவர்கள் மட்டுமே இருக்கலாம். 1,500 பேர் படிக்கும் அரசுப் பள்ளியில் விளையாட்டுத் திடலே இல்லாமல் இருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முன்னது 'சிறிய பள்ளி' என்ற சலுகையைப் பெற்றுவிடும். ஆகவே, மாணவர் எண்ணிக்கையோடு பயிற்சி வசதியையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

ஒன்றிய, மாவட்ட அளவிலான போட்டிகளில் பள்ளிகளை மூன்றாக வகுக்கலாம். விளையாட்டு விடுதிகள், விளையாட்டுப் பள்ளிகள், அரசு நிதி பெறும் பயிற்சி மையங்களோடு இணைந்த பள்ளிகள் ஆகியவை முதல் பிரிவு. மற்ற பெரிய பள்ளிகள் இரண்டாவது பிரிவு. கல்வி உரிமைச் சட்டத்தின் 100 மாணவர் வரம்பைப்போன்ற ஓர் அளவுக்குக் கீழே உள்ள சிறிய பள்ளிகள் மூன்றாவது பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பெறுபவர் மாநிலப் போட்டிக்குச் செல்லட்டும். அங்கே எந்தப் பிரிவினையும் வேண்டாம்; ஓர் எடைக்கு ஒரே பட்டம் என்பது நீடிக்கட்டும். இதனால் சாம்பியன் பட்டத்தின் மதிப்பு குறையாது. மிலானைப்போல ஒரு சிறிய பள்ளி பெரியவர்களை வீழ்த்தும் வாய்ப்பும் பறிபோகாது. மாநில அரங்கில் கால் வைக்கும் மாணவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடும். பள்ளிகளுக்கான சுழற்கோப்பையை மூன்று பிரிவுகளுக்கும் தனித்தனியே வழங்கினால், சிறிய பள்ளியின் தலைமை ஆசிரியருக்கும் மல்யுத்தத்தில் அக்கறை பிறக்கும்.

போட்டியாளர்கள் மும்மடங்கானால் செலவு கூடுமே என்று கேட்கப்படலாம். கூடும்தான். ஆனால், அது மாநிலப் போட்டி ஒரு நாளோ இரண்டு நாள்களோ நீள்வதற்கான செலவு. சர்வதேசப் பதக்கம் வென்ற பிறகு கோடிகளில் பரிசு அறிவிக்கும் மாநில அரசுகளுக்கு அது ஒரு சுமையாக இருக்க முடியாது.

முறைகேட்டுக்கு வழி திறக்கும் என்ற அச்சத்தைத்தான் எளிதில் புறந்தள்ள முடியாது. வயது மோசடியைத் தடுக்க 2010-இல் மத்திய விளையாட்டு அமைச்சகம் தேசிய நெறிமுறையையே வகுத்தது. அதன் பிறகும், போலிப் பிறப்புச் சான்றிதழ் அளித்ததாக 2025-இல் மல்யுத்த வீரர்கள் பலரை இந்திய மல்யுத்த சம்மேளனம் இடைநீக்கம் செய்ய நேர்ந்தது. பிறந்த தேதியையே மாற்றுகிறவர்கள் பள்ளியின் பெயரை மாற்றத் தயங்குவார்களா? அகாடாவில் தங்கிப் பயிலும் மாணவனைப் பெயரளவுக்கு ஒரு சிறிய பள்ளியில் சேர்த்து, எளிய பிரிவில் நிறுத்த முயல்வோர் நிச்சயம் இருப்பார்கள். எனவே, ஒரு பள்ளியில் குறைந்தது ஓர் ஆண்டாவது படித்திருக்க வேண்டும், வருகைப் பதிவு சரிபார்க்கப்பட வேண்டும், எங்கே பயிற்சி பெறுகிறார் என்பது விண்ணப்பத்திலேயே குறிப்பிடப்பட வேண்டும் என்ற நிபந்தனைகள் அவசியம். பள்ளிவாரியாக மாணவர் விவரங்களைத் திரட்டும் 'யூடைஸ்' தரவு மத்திய கல்வி அமைச்சகத்தின் கையில் இருக்கும்போது, இந்தச் சரிபார்ப்பு இயலாத காரியமல்ல.

யார் இதைச் செய்வது என்பதுதான் வழக்கமான சிக்கல். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கல்வியோ 42-ஆவது திருத்தத்துக்குப் பிறகு பொதுப் பட்டியலில் இருக்கிறது. பள்ளி விளையாட்டு இரண்டுக்கும் இடையே சிக்கி, இரு தரப்புக்கும் பொறுப்பில்லாத பிள்ளையாக வளர்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. வரவேற்கத்தக்க சட்டம்தான். ஆனால், அதன் மையம் தேசிய விளையாட்டு அமைப்புகளின் நிர்வாகமே தவிர, ஒன்றிய அளவில் நடக்கும் பள்ளிப் போட்டி அல்ல. சம்மேளனங்களின் தேர்தலைப் பற்றி விவாதித்த உறுப்பினர்கள், தங்கள் தொகுதியில் உள்ள பள்ளிகளில் எத்தனைக்கு உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார் என்பதையும் கேள்வி நேரத்தில் எழுப்ப வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 1954 முதல் இயங்கிவரும் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பும் மாநிலக் கல்வித் துறைகளும் அமர்ந்து பேசி, போட்டி விதிகளைத் திருத்தினாலே போதும். மல்யுத்த ஆர்வம் மிகுந்த ஓரிரு மாநிலங்களில் இரண்டு ஆண்டுகள் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிற மாநிலங்களுக்கு விரிவுபடுத்தலாம். பயிற்றுநருக்கான 100 மாணவர் வரம்பைத் தளர்த்தி, அருகருகே உள்ள சில சிறிய பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு பயிற்றுநரையும் ஒரு விரிப்பையும் அளிப்பது அடுத்த கட்டமாக இருக்க வேண்டும்.

சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர் ஒரு மல்யுத்த வீரர். மகாராஷ்டிரத்தின் கோலேஷ்வர் கிராமத்தைச் சேர்ந்த கே.டி. ஜாதவ், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். அவர் ஹெல்சிங்கி செல்வதற்கு, கோலாப்பூரில் அவர் படித்த கல்லூரியின் முதல்வர் தமது வீட்டை அடமானம் வைத்துப் பணம் திரட்டித் தந்தார் என்பது வரலாறு. மல்யுத்தத்தில் அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2008-இல் சுஷீல் குமார் மூலம் கிடைக்க 56 ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு சிறிய பள்ளிக்கும் வீட்டை அடகு வைக்கும் ஆசிரியர் கிடைப்பார் என்று காத்திருப்பது ஓர் அரசின் விளையாட்டுக் கொள்கையாக இருக்க முடியாது. திறமையுள்ள மாணவன் தனக்கு நிகரானவரோடு முதலில் மோதிப் பார்க்க ஒரு வாய்ப்பு. அதில் வென்றால் வலியவரோடு மோத இன்னொரு வாய்ப்பு. இவ்வளவையாவது அவனுக்கு உறுதி செய்வது, விளையாட்டை ஊக்குவிப்பதாகச் சொல்லும் மத்திய, மாநில அரசுகளின் கடமை.