வீட்டுப்பாடம் ஆறுவதற்குள்

தெமியாங் மாமாக் கடையில் பக்கத்து மேசைக் கல்லூரிப் பையன் கணக்கியல் வீட்டுப்பாடத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்தான். தே தாரேக் ஆறுவதற்குள் பற்றும் வரவும் வரிவரியாக வந்து இறங்கிவிட்டன. தேய்மானத்தை லாப நட்டக் கணக்கில் போட்டுவிட்டுச் சொத்தில் கழிக்க மறந்து, ஐந்தொகையின் இரண்டு பக்கமும் ஏன் ஒட்டவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் அந்த அரை மணி நேரம் அவனுக்கு வாய்க்கவே இல்லை. இத்தகைய செயலிகள் வந்த பிறகு, மாணவர்களுக்குக் காசுக்கு விடை தந்துவந்த செக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பங்கு 2023 மே மாதம் ஒரே நாளில் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்த கதை தெரிந்ததுதான். எனக்கென்னவோ கணித மேதை ராமானுஜன் வளர்ந்த கும்பகோணம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே அவர் கைக்குக் கிடைத்த ஜார்ஜ் காரின் நூலும் தேர்வுக்குத் தயார்செய்யும் தொகுப்புதானே? ஆயிரக்கணக்கில் சூத்திரங்கள், நிரூபணம் பேருக்குத்தான். அந்தக் குறைதான் அவரைச் சிலேட்டோடு உட்காரவைத்தது. (பையன் ராமானுஜன் ஆகவேண்டும் என்றில்லை, அவரே மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டுக் கல்லூரித் தேர்வில் தவறியவர்!) இப்போதைய கருவியோ ஒரு படியைக்கூட விட்டுவைப்பதில்லை. திருட்டைக் கண்டுபிடிக்க இன்னொரு மென்பொருள் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பிசகிய ஐந்தொகை ஒன்றைக் கையில் கொடுத்து, எங்கே இடறியது என்று வகுப்பிலேயே வாய்விட்டுச் சொல்லச் சொல்லலாம். விரிவுரையாளருக்கு ஐந்து நிமிடம்தான் செலவு.